ஈரக்காற்றில் ஓடுகிறவர்கள் எதைக் குடிப்பது, எவ்வளவு சாப்பிடுவது?

வெப்ப எச்சரிக்கை வரும்போதெல்லாம் ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒன்றோடொன்று மோதும் அறிவுரைகள் வந்து குவிகின்றன. தாகம் எடுக்கும் முன்பே குடி என்கிறது ஒன்று. அதிகம் குடித்தால் ஆபத்து என்கிறது அடுத்தது. உப்பு மாத்திரை, இளநீர், 100 பிளஸ் என்ற விளையாட்டுப் பானம், வெறுந்தண்ணீர் என்று ஆளுக்கொரு கட்சி. இவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஓட்டக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணக்கை மாற்றுவது வெயிலைவிடக் காற்றிலுள்ள ஈரம். அங்கிருந்து தொடங்கினால்தான் தண்ணீரும் உப்பும் சோறும் எவ்வளவு என்று சொல்ல முடியும்.

## 35 டிகிரி எதைச் சொல்லவில்லை

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஓரிடத்தில் பகல் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை, 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, அதற்கும் மேல் மூன்றாம் நிலை. நாட்டில் பதிவான உச்சம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் எட்டிய 40.1 டிகிரி.

பொதுமக்களுக்கு இது பயனுள்ள எச்சரிக்கைதான். ஆனால் இது காற்றின் வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. ஓடுகிறவருக்கு வேண்டிய அளவுகோல் வேறு: ஈரக்குமிழ் கோள வெப்பநிலை. நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 சதவீத எடை, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்துக்கு 20 சதவீதம், சாதாரண காற்று வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம். நாம் கைப்பேசியில் பார்த்துப் பதறும் எண்ணுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் விடிவதற்கு முன் காற்று 25 டிகிரி, ஈரக்குமிழ் 24, வெயில் இல்லாததால் கோளமும் 25 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை சுமார் 24. அதே இடத்தில் நண்பகலில் காற்று 33, ஈரக்குமிழ் 26, கோளம் 45 என்றால் 30-ஐத் தாண்டும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பழைய அட்டவணை 28-க்கு மேல் போனால் நெடுந்தூரப் போட்டியைத் தள்ளிப்போடச் சொன்னது. 23 முதல் 28 வரை உள்ளதையே ‘அதிக அபாயம்’ என்றது. அதாவது, நம் ஊரின் மிக இதமான காலைப்பொழுதே அவர்கள் கணக்கில் சிவப்புக் கொடி. பினாங்குப் பாலம் மாரத்தானில் முழுத்தூர ஓட்டக்காரர்களை நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வைப்பதற்கும், கோலாலம்பூர் மாரத்தான் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

## உடல் சூடாவது எப்படி, ஆறுவது எப்படி

1. தட்டையான பாதையில் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 650 கிலோகலோரி.

2. இதில் கால்களை நகர்த்தப் பயன்படுவது நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மீதி, சுமார் 500 கிலோகலோரி, வெறும் சூடு.

3. அந்தச் சூடு வெளியேறாவிட்டால் உடல் வெப்பம் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணியில் உயிருக்கே ஆபத்து.

4. வியர்வை ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப் போகும். எனவே மேலே சொன்னவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை போதும். ஆனால் அது முழுவதும் ஆவியாக வேண்டும்.

நான்காவது புள்ளியில்தான் சிக்கல். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாததுபோல, ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சூடு இறங்கவில்லை என்று உடல் இன்னும் அதிகமாக வியர்க்கிறது. இங்கே சாதாரண வேகத்தில் ஓடுபவரும் மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் இழப்பதற்குக் காரணம் இதுவே. சட்டையைப் பிழிந்து காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. பிழியும் அளவுக்குத் தங்கிய நீர் தன் வேலையைச் செய்யாத நீர்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காலையில் ஈரப்பதம் 95 சதவீதம், பிற்பகலில் 60 சதவீதம் என்று வானிலைச் செயலி காட்டுகிறது. அப்படியானால் பிற்பகலில் வியர்வை நன்றாக உலருமே என்று சிலர் நினைக்கிறார்கள். சதவீதம் என்பது அந்தந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான். 25 டிகிரியில் 95 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி. 33 டிகிரியில் 60 சதவீதம் என்றால் சுமார் 21 கிராம். இரண்டும் ஒன்றுதான். வியர்த்த தோலை ஒட்டிய காற்று சுமார் 40 கிராம் தாங்கும். இந்த 40 கிராமுக்கும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசமே வியர்வையை இழுக்கிறது. காலையோ மாலையோ நமக்குக் கிடைக்கும் வித்தியாசம் 18, 19 கிராம். 12 டிகிரிக் குளிரில், 60 சதவீத ஈரப்பதத்தில் ஓடுபவருக்கு அது 33 கிராமுக்கும் மேல். ஆகவே காலை ஓட்டம் நல்லது. ஆனால் காற்று உலர்ந்திருப்பதால் அல்ல, வெயில் இல்லாததால்.

குளிர்சாதன அலுவலகத்தில் நாள் முழுதும் இருந்துவிட்டு வார இறுதியில் மட்டும் ஓடுபவர், ‘நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இந்தச் சூடு பழகியதுதான்’ என்று நம்புவதும் சரியல்ல. பழக்கம் பிறப்பால் வருவதில்லை. சூட்டில் உடலை உழைக்கவிட்டால் 10 முதல் 14 நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பும் குறைகிறது. விட்டுவிட்டால் சில வாரங்களில் அது கரைந்துபோகும்.

## தண்ணீர்: குறைவும் கேடு, மிகையும் கேடு

உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் நீண்ட ஓட்டத்தில் வேகம் குறையும், இதயம் கூடுதலாக அடிக்கும். இதை எல்லோரும் அறிவார்கள். இதன் மறுபக்கத்தை வெகுசிலரே அறிவார்கள்.

இரத்தத்தில் சோடியம் (உப்பின் முக்கியக் கூறு) ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடல் வெளியேற்றுவதைவிட அதிகமாகக் குடித்தால் இது நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்குதல், குழப்பம், கடைசியில் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். மெதுவாகப் போகிறவருக்கு ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது என்பதே விஷயம்.

உப்பு கலந்த பானம் குடித்தால் இந்த ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. விளையாட்டுப் பானங்களிலும் சோடியம் இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. அளவுக்கு மீறிக் குடித்தால் அதுவும் நீர்க்கச் செய்யும்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையை நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் வியர்வை மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை மாறும். சொந்தக் கணக்கை வீட்டுத் தராசிலேயே எடுக்கலாம்:

1. சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த ஆடையில் எடை பார்க்கவும்.
2. வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவும். குடித்த அளவைக் குறித்துக்கொள்ளவும்.
3. வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் களைந்துவிட்டு மறுபடி எடை பார்க்கவும்.
4. குறைந்த எடையோடு குடித்த அளவைக் கூட்டவும். முன்பு 68.0 கிலோ, பின்பு 67.1, இடையில் 400 மில்லி என்றால் வியர்வை 1.3 லிட்டர்.

போனது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம். வயிறும் இடம் கொடுக்காது. தாகத்துக்கு ஏற்பக் குடித்து, 2 சதவீதத்துக்குள் இழப்பை நிறுத்தினால் போதும். எடை கூடியிருந்தால் மட்டும் அது உடனே திருத்த வேண்டிய தவறு.

## உப்பு யாருக்கு, எப்போது

ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 500 மில்லிகிராம் முதல் 1,800 மில்லிகிராம் வரை சோடியம் போகலாம். காய்ந்த கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் மேல்வரம்பை ஒட்டியவர்கள். ஒரு தேக்கரண்டி உப்பில் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு உப்பு மாத்திரை தேவையே இல்லை. பசியாறும்போது சாப்பிடும் இட்லி, சாம்பார், சட்னியிலேயே அது திரும்பிவிடும். நம் வீட்டுச் சமையலில் உப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டம், பினாங்குக் கொடிமலையின் ஜீப் பாதையில் ஏறி இறங்கும் நீண்ட பயிற்சி, அல்லது ஒரே நாளில் இரண்டு பயிற்சி என்றால் கவனிக்க வேண்டும்.

இளநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு இங்கே கிட்டத்தட்ட மருந்தின் மரியாதை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ நேர்மாறு. சுவைக்காகக் குடிக்கலாம்; நீண்ட ஓட்டத்துக்குப் பின் அதை மட்டும் நம்பினால் போதாது, ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் இந்த வகையில் அதைவிடச் சிறந்தது: நீர், சோடியம், கொஞ்சம் புரதம் மூன்றும் ஒரே குவளையில். தைப்பூசத்தில் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை சுமார் 15 கிலோமீட்டர் இரதத்தோடு நடப்பவர்களுக்கு வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் உண்டு. அங்கே சிவப்புச் சர்பத்துக்குப் பதில் மோர் கிடைத்தால் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். விரதம் இருந்து இரவு முழுக்க நடக்கிறவருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் உப்பைத் திருப்பித் தராது.

தசைப்பிடிப்புக்கும் உப்புக்குறைவே காரணம் என்பது பாதி உண்மைகூட இல்லை. பெரும்பாலான பிடிப்பு, பழகாத வேகத்தில் தசை களைத்துப்போவதால் வருவது. நின்று, பிடித்த தசையை நீட்டிவிட்டால் விடுவது அதனால்தான்.

## சோறும் மாவுச்சத்தும்

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது: தசைகளில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். மொத்தம் ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. 65 கிலோ எடையுள்ளவர் 42.2 கிலோமீட்டர் ஓடச் செலவாவது 2,700-க்கும் மேல். கொழுப்பும் பங்கு கொடுக்கும் என்றாலும் வேகமாக ஓடினால் அந்தப் பங்கு சுருங்கும். முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் மரத்துப்போவது மனவலிமைக் குறைவால் அல்ல, இருப்புத் தீர்ந்ததால். சூடு கூடும்போது தசைகள் கிளைக்கோஜனை இன்னும் வேகமாக எரிக்கும் என்பதால் இங்கே அந்தக் கட்டம் கொஞ்சம் முன்னதாகவே வரலாம்.

ஓடும்போது எவ்வளவு தேவை என்பது நேரத்தைப் பொறுத்தது:

1. ஒரு மணி நேரம் வரை: தண்ணீர் போதும்.
2. ஒன்றிலிருந்து இரண்டரை மணி வரை: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம். ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழான ஜெல் ஒரு பொட்டலத்தில் 20 முதல் 25 கிராம்.
3. அதற்கு மேல்: 90 கிராம் வரை. ஆனால் குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்கே உறிஞ்சும். பிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரை வேறு வாசல் வழியே போவதால் இரண்டும் கலந்தால்தான் இந்த அளவு சாத்தியம். பந்தய நாளில் முதன்முறையாக முயன்றால் வயிறு கலங்கும். பயிற்சியிலேயே பழக்க வேண்டும்.

பினாங்குப் பாலம் போட்டிக்கு இன்னொரு சிக்கல். நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகிறவருக்குக் காலை உணவு என்பதே இல்லை, இரவு உணவுதான் ஓட்ட உணவு. அன்று பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துவிட வேண்டும். இரவு எட்டு, எட்டரைக்குள் வெள்ளைச் சோறும் இரசமும், அல்லது இட்லியும் சர்க்கரையும் போதும். ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் அந்த இரவுக்கு ஆகாது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வயிற்றைவிட்டு இறங்க நேரமெடுக்கும். பருப்பு, கீரை, கொண்டைக்கடலை எல்லாம் மற்ற நாட்களில் நல்லவை, அன்றைக்கு மட்டும் வேண்டாம். பந்தயத்துக்கு ஒரு மணி முன்பு வாழைப்பழம்.

அன்றாடம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும். சோற்றை விட்டுவிட்டு ஓட்டத்தைக் கூட்டுகிறவர்கள் மூன்றாவது வாரமே களைத்துப்போவதற்கு விளக்கம் வேறெங்கும் தேட வேண்டாம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம். 65 கிலோ எடைக்குக் குறைந்தது 78 கிராம். சைவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: சாம்பாரில் பருப்பைவிடக் கரைந்த தண்ணீரே அதிகம். கெட்டிப் பருப்பு, தயிர், பயறு, இவற்றோடு நொதிக்கவைத்த சோயாவான தெம்பே. நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம். பசாரில் மலிவாகக் கிடைக்கும் இதை நம் சமையலறைகள் இன்னும் போதுமான அளவு வரவேற்கவில்லை. புரதப் பொடி இதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்துத் தனிக் கவனம் கேட்கிறது. மாதவிலக்கோடு, பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் உடைவதும் சேர்கிறது. சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிப்பது கீரை, பருப்பிலுள்ள இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். காரணமில்லாத களைப்பு நீடித்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை எடுக்கச் சொல்லிக் கேட்கவும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம்.

## நீரிழிவும் மாத்திரைகளும்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3. ஆகவே இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல. அரை மணி நேரம் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு ஐசோடோனிக் பானம் ஒன்றைத் திறப்பவர், எரித்ததில் பெரும்பகுதியைச் சர்க்கரையாகத் திருப்பிக் குடிக்கிறார். அவருக்குத் தண்ணீர் போதும்.

மருந்து எடுப்பவர்கள் பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. இன்சுலின், கிளிக்கிளசைடு போன்ற நீரிழிவு மருந்துகள் ஓட்டத்தின்போதும் அதற்குப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. இன்சுலின், கிளிக்கிளசைடு எடுப்பவர்கள் கையில் இனிப்பு இல்லாமல் ஓடக் கூடாது.
2. எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரைகள் சிறுநீர் வழியே சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும். மாரத்தான் போன்ற நெடுந்தூர நாளில் இவற்றை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.
3. இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரைகள் உப்பையும் நீரையும் குறைக்கும். மேலே சொன்ன வியர்வைக் கணக்கு இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.
4. ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணியை ‘முன்னெச்சரிக்கையாக’ப் போட்டுக்கொண்டு ஓடுவது மோசமான பழக்கம். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

## கீழே விழுந்தவரை என்ன செய்வது

ஓட்டத்தில் ஒருவர் தள்ளாடினால் முதலில் பார்க்க வேண்டியது அவர் பேச்சு. பெயர், இடம், கிழமை கேட்டால் உளறுகிறாரா? உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டதற்கு அது முக்கிய அடையாளம். தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஓடி விழுந்தவர் நனைந்தே இருப்பார். இது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) எனப்படும் அவசர நிலை.

999-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தொட்டியில் பனிக்கட்டி நீர் இருந்தால் தலையை வெளியே பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துவது மிக விரைவான வழி. அது இல்லாவிட்டால் நிழலுக்கு நகர்த்தி, உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த தண்ணீரை உடல் முழுக்கத் தொடர்ந்து ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவக் குழு இடத்தில் இருந்தால் முதலில் குளிர்வித்து, அதன் பிறகே மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வது சரியான வரிசை. முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கியவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள்.

உளறல் இருந்தும் தொட்டால் அவ்வளவு சூடில்லை, விரல் மோதிரம் இறுகி வீங்கியிருக்கிறது, வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்தார் என்றால் அது சோடியம் குறைந்ததாக இருக்கலாம். அவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். எவ்வளவு குடித்தார் என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.